இரண்டு கொப்பிகள்: மலையகத்தில் கணக்குக் கேட்ட வரலாறு

கந்தப்பளை நகரம் என்று நாங்கள் சொல்வது ஒரே ஒரு தெருவைத்தான். நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் பாதையின் இருமருங்கிலும் கடைகள், மரக்கறி ஏற்றும் லொறிகள், கடைகளுக்குப் பின்னால் லீக்ஸ், கரட் பாத்திகள், அவற்றுக்கப்பால் தேயிலை. அந்தத் தெருவில் என் வாப்பா ஒரு சில்லறைக்கடை வைத்திருந்தார். தோட்டத்துச் சனங்கள் மாதம் முழுக்கக் கடனுக்குச் சாமான் எடுத்துச் சம்பளத்தன்று தீர்ப்பார்கள். கடன் எழுத எல்லாக் கடைகளிலும் ஒரு கொப்பி இருந்தது. வாப்பா இரண்டு கொப்பி வைத்தார். ஒன்று கடையில் இருக்கும், மற்றது சாமான் எடுப்பவர் வீட்டில் இருக்கும். வரும்போது அதையும் கொண்டுவர வேண்டும். ஒரே வரியை இரண்டிலும் எழுதிக் கொடுப்பார்.

"வாசிக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கு வாப்பா கொப்பி?" என்று சின்ன வயதில் கேட்டேன்.

"அவங்க புள்ளைக்குத் தெரியும். அந்திக்கு வாசிச்சுக் காட்டட்டும்" என்றார்.

வாப்பா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகின்றன. நான் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, தோட்டப் பாடசாலையொன்றில் கணிதமும் வரலாறும் படிப்பித்து வருகிறேன். பிரதேச சபையின் நிதி, அதன் கணக்கு, அதைப் பார்க்கும் உரிமை என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது கொப்பிதான் ஞாபகம் வருகிறது. மலையக மக்களின் வரலாற்றில் கணக்குக்குக் குறைவே இருந்ததில்லை. எல்லாம் எழுதப்பட்டன. ஆனால் கொப்பி எப்போதும் ஒரு பக்கத்தாரின் கையில்தான் இருந்தது. அது எப்படி வந்தது, இன்று மாறியிருக்கிறதா என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன்.

ஆரம்பத்தில் அந்தக் கொப்பி கங்காணியின் கையில் இருந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணி, வழிச்செலவு என்றும் முற்பணம் என்றும் ஒவ்வொருவர் பேரிலும் ஒரு கடனை எழுதினார். தோட்டம் மாறுவதற்குத் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடனும் அவர்களோடு கூடவே போகும். தன் தலையில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பது கடன்பட்டவருக்கே சரிவரத் தெரியாது. 1921ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது.

துண்டு போனாலும் செக்ரோல் இருந்தது. காலையில் பிரட்டுக்களம், பிறகு கொழுந்து நிறுவை, மாதக் கடைசியில் சம்பளம்; எல்லாம் கணக்கப்பிள்ளையின் எழுத்தில்தான் இருந்தன. நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழிப்பார்கள். கழித்த கொழுந்தும் தொழிற்சாலைக்குத்தான் போனது. அது எவர் கணக்கில் ஏறியது என்பதை எந்தச் சம்பளத் துண்டும் சொல்லவில்லை. ஒருமுறை வகுப்பில் பின்னம் படிப்பிக்கும்போது, "அரை என்றால் என்ன?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழுந்து, "அம்மாவுக்கு நேத்து அரைப்பேர், சேர்" என்றாள். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு அந்த நாளில் பாதிப் பேர்தான் விழும். பாடப்புத்தகத்தில் அப்படியொரு பின்னம் இல்லை.

இந்தக் கணக்குகளை வெளியே எடுத்துப் பேசியவர்களில் முதன்மையானவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' நடத்தியவர் அவர். வணிகர்களுக்காகப் பத்திரிகை நடத்திய மனிதர் மலைநாட்டுக்கு வந்து கூலியாளின் சம்பளக் கணக்கைப் பேசினார் என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அதில் ஒரு பொருத்தம் தெரிகிறது. அந்நியர் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் அவர் புடவை வியாபாரி வேடத்தில் போனார் என்று சொல்வார்கள். தலையில் புடவை மூட்டையோடு லயத்துக்கு லயம் ஏறியிறங்கிய வியாபாரிகளில் நம்மவர்களும் அநேகர் என்பதால், அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது எனக்குச் சிரமமாக இல்லை. தோட்டத்தின் வாசல் மூடியிருந்தால் உள்ளேயிருக்கும் கணக்கும் மூடித்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தோட்டத்துக்கு வெளியே அப்போது உள்ளூராட்சி வளர்ந்து வந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகள் வந்தன. 1871இல் கிராமச் சபைகளுக்குச் சட்டம் வந்தது. இவற்றில் எதுவும் லயத்துக்கானதல்ல. தோட்டத்துக்குள் பாதையும் தண்ணீரும் மருந்தும் துரையின் பொறுப்பு. எனவே அவற்றின் செலவும் துரையின் இரகசியம். 1931இல் நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோதும் இந்திய வம்சாவளியினருக்கு நிபந்தனைகள் இருந்தன. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியவர்கள், தோட்டத் தொழிலாளரை அந்தத் தேர்தலுக்கு வெளியே நிறுத்தினார்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஏழு இலட்சம் அளவிலான மக்களை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவரிடம் எந்த உறுப்பினரும் கணக்குச் சொல்ல வருவதில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் என் தலைமுறையின் கதை. 1981இல் கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் இல்லாதுபோய், அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவை நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. 1988இல் பிரசாவுரிமை வழங்கும் சட்டமொன்று வந்து நாடற்றவர்களில் பெருந்தொகையினருக்கு வழி திறந்தது. 1991இல் பிரதேச சபைகளுக்கு முதல் தேர்தல் நடந்தபோது தோட்டத்துச் சனங்களும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். வாக்குப்பெட்டி பாடசாலைக்கு வந்ததைப் பார்க்கப் போன சிறுவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அந்தச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டங்களுக்குள் சபை தன் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டம் தனியார் இடம் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. இதைப் படிக்கும்போது ஒரு வரலாற்று உண்மையை மறக்கக்கூடாது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகிவிட்டன. 1987இல் பிரதேச சபைச் சட்டம் நிறைவேறியபோது அவற்றை நடத்தியவை மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும். இரண்டும் அரசாங்கத்தின் நிறுவனங்கள். நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது 1992இல். அப்போதும் மண் அரசின் மண்தான். கம்பனிக்குக் கிடைத்தது குத்தகை. அரசாங்கத்தின் மண்ணில் குடியிருந்து அரசாங்கத்தின் சபைக்கு வாக்களித்த மக்களுக்குத்தான், உங்கள் வாசல் தனியார் வாசல் என்று சொல்லப்பட்டது.

இந்தப் பிரிவு பாதைகளையும் கிணறுகளையும் தடுத்தது என்பதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அது கணக்கையும் கெடுத்தது என்பதை அவ்வளவாக எவரும் சொல்லவில்லை. தோட்டத்து வாக்கால் வென்ற உறுப்பினருக்கு மூன்று வழிகளே இருந்தன. ஒன்று, சட்டம் தடுக்கிறது என்று கையை விரிப்பது. அதில் உண்மையும் இருந்தது, சோம்பேறிக்கு நல்ல சாட்டும் இருந்தது. இரண்டு, அமைச்சரிடமோ பாராளுமன்ற உறுப்பினரிடமோ போய்ப் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஒரு துண்டைக் கேட்பது. அப்படி வந்த பாதை உரிமையாக வரவில்லை, கொடையாக வந்தது. கொடுத்தவரின் பெயர்ப்பலகை முதலில் நடப்பட்டது. மாலை போட்டோம், பட்டாசு கொளுத்தினோம். கொடை தந்தவரிடம் கணக்குக் கேட்பது நன்றிகெட்டதனம் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். மூன்றாவது வழி, வேலையைத் தோட்டத்தில் செய்துவிட்டுக் கடதாசியில் வேறிடத்தின் பெயரை எழுதுவது. இப்படியும் நடந்தது என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்ல மனதோடு செய்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் நேர்மையான வேலைக்குப் பொய்யான வரி எழுத வேண்டியிருந்தால், பொய்யான வேலைக்கு அதே வரியை எழுதுவது எவ்வளவு இலேசு!

இந்த நிலை முப்பத்தொரு வருடம் நீடித்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு பேசிப் பாதை, கிணறு, பொது வசதிகள் என்பவற்றுக்குச் சபை செலவிடலாம் என்றாயிற்று. அதே வருடம் பெப்ரவரியில் நடந்த தேர்தலுக்கு முன்னரே நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகளும் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் என்று நான்கு புதிய சபைகள் தோன்றியிருந்தன. 2016இல் நிறைவேறிய தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருந்தது. அந்தச் சட்டத்தின்படி காரணம் சொல்லாமலே கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்பவர் இந்நாட்டுப் பிரசையாக இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை தந்த சட்டம் வந்தது 2003இல். அதற்கு முன் இப்படியொரு சட்டம் வந்திருந்தால், லயத்தில் பலருக்கு அந்தப் படிவத்தை நிரப்பும் தகுதியே இருந்திராது. பிரசாவுரிமை, தகவலுரிமை, செலவிடும் சட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் மலையகத்தானுக்கு 'என் காசு எங்கே?' என்று கேட்க வாய் வந்தது. ஆக, கணக்குக் கேட்கும் உரிமை எங்களிடையே ஏழெட்டு வருடக் குழந்தை.

சட்டம் மாறியது, பழக்கம் உடனே மாறவில்லை. இதை நான் அறிந்தது என் சொந்தத் தவறால். எங்கள் பாடசாலைக்கு மேலேயுள்ள லயத்துக்கு ஒரு சபை கொங்கிறீட் பாதை போட்டது. பலகையில் பெயர்கள் இருந்தன, திகதி இருந்தது, தொகை இல்லை. பாதை குட்டையாக இருக்கிறதே, மிச்சக் காசு எங்கே என்று கதை கிளம்பியது. பழி ஓர் உறுப்பினர் மேல் விழுந்தது. என்னிடம் படித்த பிள்ளையின் தகப்பன் அவர். ஆசிரியர் அறையில் அந்தக் கதையை நானும் இரண்டொரு முறை சொன்னேன்.

பிறகு மனம் உறுத்தியது. தெரியாமல் பேசுவதைவிடக் கேட்டுவிடலாம் என்று படிவம் கொடுத்தேன். மதிப்பீடு என்ன, நீளம் அகலம் என்ன, கொடுத்து முடித்த தொகை என்ன என்று மூன்றே கேள்விகள். பதினான்கு வேலை நாட்கள் போயின, பதில் இல்லை. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு எழுதினேன். அதற்குப் பிறகு பதில் வந்தது. கடதாசியில் நீளம் 110 மீற்றர். அளவிடல் பாடத்துக்கு என்று சொல்லிப் பிள்ளைகளை நாடாவோடு கூட்டிப்போனேன். பாதை 78 மீற்றர்தான் இருந்தது.

செய்தி லயத்துக்குப் போய்ச் சேர, மறுநாளே அந்த உறுப்பினர் பாடசாலைக்கு வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தேன். "வாங்க சேர், ஒண்ணு காட்டணும்" என்று கீழ்லயத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பீலித் தண்ணிக்கு இறங்கும் சரிவில் கொங்கிறீட் நடைபாதையும் படியும் இருந்தன. மழைநாளில் ஒரு கர்ப்பிணிப் பெண் வழுக்கி விழுந்த இடம் அது என்று எனக்கும் தெரியும்.

"சனங்க கேட்டாங்க. மேல கொஞ்சம் கொறைச்சு இங்க போட்டோம். எழுதப்போனா புது மதிப்பீடு, புது அனுமதி. அதுக்குள்ள வருசம் முடிஞ்சு காசு திரும்பிப் போயிரும் சேர்."

பிள்ளைகள் அதையும் அளந்தார்கள். கணக்கு ஏறக்குறைய நேரானது. ஏறக்குறைய என்ற சொல்லை ஒளிக்க மாட்டேன். இரண்டு மூன்று மீற்றர் இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். என் மனதுதான் ஆறவில்லை. அவரைக் கள்ளன் என்று சொன்ன எனக்கு ஆதாரம் இல்லை. கள்ளன் இல்லை என்று காட்ட அவருக்கும் கடதாசி இல்லை. நாளை கணக்காய்வு அதிகாரி வந்து நின்றால், இல்லாத 32 மீற்றருக்கு அவரும் சபையும்தான் பதில் சொல்ல வேண்டும். எழுத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் வேறாக இருக்கும் இடத்தில் நல்லவனையும் கள்ளனையும் பிரித்தறிய வழியில்லை. கணக்கை மறைப்பதால் நல்லவனுக்கு ஓர் இலாபமும் இல்லை, இலாபமெல்லாம் மற்றவனுக்கே.

'அளந்து பார்ப்பது அவமானம்' என்ற எண்ணம் நம் சமூகங்களில் ஆழமாக இருக்கிறது. அது நம் மரபல்ல. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே பாடப்புத்தகங்கள் பேசுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தெரிவுக்கு நிற்க முடியாது என்று அதே கல்லில் இருப்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் சபைக்கு வரத்தக்கவர் காணியுள்ள, வேதம் கற்ற ஒரு சிலரே. உழுதவருக்கு அங்கே இடமில்லை. கணக்குக் காட்டும் விதி ஆயிரம் வருடத்துக்கு முன்பே இருந்தது. யாருக்குக் காட்டுவது என்பதில்தான் அது குறுகியிருந்தது.

அந்தக் குறையைக் கூலியாட்களே தீர்த்த இடம் இராசத்தான். அங்கே 1990இல் தொடங்கிய தொழிலாளர், விவசாயிகள் அமைப்பொன்று, 1994 டிசம்பரில் முதலாவது பொது விசாரணையை நடத்தியது. பஞ்சப் பகுதிகளில் அரசு செய்த வேலைகளின் பேரேட்டை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊரார் தாமே எழுந்து சொன்னார்கள். அந்தப் பேரேடும் நம் செக்ரோலும் ஒரே இனம். வாசிக்கத் தெரியாதவருக்கும் அதைக் காதால் கேட்டுச் சரி பார்க்கத் தெரியும் என்று அந்தக் கூட்டங்கள் காட்டின. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவலுரிமைச் சட்டத்துக்கு அங்கிருந்துதான் வேர் ஓடியது.

ஊரைச் சொல்லும்போது நம் வீட்டையும் சொல்ல வேண்டும். 1956ஆம் ஆண்டின் வக்புச் சட்டம் பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது. ஜகாத் திரட்டப் போய்வந்த ஒருவர், இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தபோது, தாய்வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவத்தை நாம் குத்பாக்களில் கேட்டு வளர்ந்தவர்கள். ஜும்ஆ முடிந்து வரவு செலவு ஒட்டிய பலகைக்கு முன்னால் நின்று வாசிப்பவர் எத்தனை பேர்? கேள்வி கேட்பவரைக் குழப்பக்காரர் என்று பார்க்கும் கண் நமக்கும் இருக்கிறது. சபையிடம் கேட்கப் போகும் நாக்கு, முதலில் சொந்த ஜமாஅத்தில் பழக வேண்டும்.

இவற்றையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. காசில்லை என்று தேர்தல் தள்ளிப்போனது. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களித்தோம். இடையிலான இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில் சோலைவரி அறவிடப்பட்டது, கடை வாடகை வாங்கப்பட்டது, செலவும் நடந்தது. உறுப்பினர் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் அதைப் பெரிய குறையாக எவரும் பேசவில்லை. எனக்கு அதுவே பெரிய குறையாகத் தெரிந்தது. கேட்பதற்கு ஆளில்லாத காலத்தையும் வழமையான காலத்தையும் மக்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றால், வழமையான காலத்திலும் அவர்கள் கேட்டதில்லை என்றுதானே பொருள்?

சபைகளின் கணக்கைப் பார்க்கக் கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறார். அரசியலமைப்பின் 154ஆவது உறுப்புரை அவருக்கு அந்தப் பொறுப்பைத் தந்திருக்கிறது. 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம் நட்டத்தைப் பொறுப்பானவரிடமே அறவிடவும் வழி செய்தது. ஆனால் கொழும்பிலிருந்து வரும் அதிகாரி கடதாசியைத்தான் பார்ப்பார். 78 மீற்றரைப் பார்க்கக்கூடியவர் அந்தப் பாதையில் நடப்பவரே. ஆகவே நான் கேட்பவை சின்ன விடயங்கள். ஒவ்வொரு வேலைத்தளத்திலும் பெயர்களுக்குப் பக்கத்தில் தொகையும் நீளமும் எழுதட்டும். திட்டம் மாறினால் மாறியதையும் எழுதட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைத் தமிழில் பிரட்டுக்களத்திலும் கோயில், பள்ளிவாசல், பாடசாலைச் சுவர்களிலும் ஒட்டட்டும். ஒட்டினால் வாசிப்பதற்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவது எங்கள் வேலை. அந்த நாடாவும் அந்த அளவுகளும் இப்போது என் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் ஒரு பாடம்.

வாப்பா கடையை மூடிய மாதம், கடன்காரர்கள் எல்லோரையும் வரச்சொல்லி ஆளனுப்பினார். வருபவர்கள் தங்கள் கொப்பியோடு வந்தார்கள். சில கொப்பிகள் அடுப்புப் புகையில் மஞ்சளாகியிருந்தன. ஒரு பாட்டியின் கொப்பியில் எங்கள் கொப்பியைவிட நாற்பது ரூபாய் குறைவாக இருந்தது. எந்த வரி விடுபட்டது என்று நான் தேடத் தொடங்கினேன். வாப்பா என் கையிலிருந்த கடைக் கொப்பியை வாங்கி மூடிவைத்துவிட்டு, அவரிடம் இருந்த கொப்பியைப் பார்த்தே கணக்கை முடித்தார்.